ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க... சரி, ஏன் கம்மி?

"டாக்டர், ரத்தம் கம்மியா இருக்குன்னு சொல்லிட்டாங்க. நல்ல டானிக்கா ஒண்ணு எழுதிக் கொடுங்க."

வாரத்துக்குப் பத்து பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். கேட்பவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அதைக் கேட்டவுடன் பேனாவை எடுக்கிறோமே நாங்கள், எங்கள் மேல்தான் தப்பு.

கொஞ்சம் நீளமான இழை. டீ குடிச்சுக்கிட்டே பொறுமையா படிங்க. (இரும்பு மாத்திரை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் டீயைக் கீழே வையுங்க. காரணம் பின்னால் வரும்.)

என்னுடைய தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப வருடங்கள். 58 வயது டீ மாஸ்டர் ஒருவர் வந்தார். காலை நாலு மணிக்கு பாய்லர் பற்ற வைத்தால் ராத்திரி வரை நின்றுகொண்டே இருக்கும் மனுஷன். "கொஞ்ச நாளா மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது சார், கால் ஓய்ஞ்சு போகுது" என்றார்.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 8.4. ஆண்களுக்கு 13க்குக் குறைந்தாலே ரத்தசோகை.

"மூலம் இருக்கா? மலத்துல ரத்தம் போகுதா?" இல்லை என்றார். "நேரத்துக்கு சாப்பிடுறீங்களா?" சிரித்தார். டீக்கடைக்காரர் என்றைக்கு நேரத்துக்குச் சாப்பிட்டிருக்கிறார்!

காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். சரியான சாப்பாடு இல்லை. பூச்சி மாத்திரை ஒன்று, இரும்பு மாத்திரை ஒரு மாதத்துக்கு. எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து 9.8. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். இன்னும் ரெண்டு மாசம் போடுங்க என்றேன். போட்டார், தெம்பாக இருக்கவே நிறுத்திவிட்டார். நாலு மாதம் கழித்து மறுபடி மூச்சு வாங்க வந்தார். 8.1.

"மாத்திரைய நிறுத்துனதுதான் தப்பு" என்று அவரைத் திட்டிவிட்டு, அதே மாத்திரையை மறுபடி எழுதினேன். ஆமாம், அவரைத்தான் திட்டினேன்.

மூன்றாவது முறை அவர் வந்தபோது என் சீனியர் பக்கத்தில் இருந்தார். பழைய சீட்டுகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்பா, இவருக்கு பீரியட்ஸ் வருதா?"

எனக்குப் புரியவில்லை. "இல்ல சார்..." என்று இழுத்தேன்.

"அப்போ ரத்தம் எங்கே போகுது?"

கொலனோஸ்கோபிக்கு அனுப்பினோம். பெருங்குடலின் வலது பக்கம் கட்டி. புற்றுநோய்.

நான் இரும்பு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தது எட்டு மாதம்.

காய்ச்சல் என்று போனால் எந்த டாக்டரும் "உங்களுக்கு வந்திருக்கும் நோய் காய்ச்சல்" என்று சொல்லி முடித்துவிடுவதில்லை. டெங்குவா, டைஃபாய்டா, சிறுநீர்த் தொற்றா என்று தேடுகிறார். நீங்களும் "என்ன காய்ச்சல் சார்?" என்று கேட்கிறீர்கள்.

ரத்தசோகைக்கு மட்டும் ஏன் அந்தக் கேள்வி இல்லை?

ஹீமோகுளோபின் குறைவு என்பது லேப் கொடுக்கும் ஒரு எண். உடம்புக்குள் ஏதோ ஒன்று கோளாறாகி, அதன் விளைவு ரத்தத்தில் தெரிகிறது. கோளாறு குடலில் இருக்கலாம், கர்ப்பப்பையில் இருக்கலாம், வயிற்றில், சிறுநீரகத்தில், எலும்பு மஜ்ஜையில், பிறவியிலேயே வந்த மரபணுவில் இருக்கலாம். எண்ணைச் சரி செய்வதும் கோளாறைச் சரி செய்வதும் ஒன்றில்லை. சில நேரம் எண் ஏறுவதே கோளாறை மறைத்துவிடும். டீ மாஸ்டருக்கு நடந்தது அதுதான்.

இது ஏன் என்று புரிய, உடம்பு இரும்பை எப்படிக் கணக்கு வைத்திருக்கிறது என்று பார்க்கணும். எனக்கு மருத்துவத்தில் மிகவும் பிடித்த கணக்கு இது.

வளர்ந்த மனிதரின் உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான். ஒரு சின்ன ஆணி அளவு. அதில் பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது.

ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எலும்பு மஜ்ஜை நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் புதுசு செய்துகொண்டே இருக்கிறது. அதற்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும்.

சாப்பாட்டிலிருந்து குடல் எடுத்துக்கொள்வது எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம். அவ்வளவுதான்.

மீதி எங்கிருந்து வருகிறது? வயதான சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கும் செல்கள் உடைத்து, அதிலிருக்கும் இரும்பைப் பிரித்து மஜ்ஜைக்கே திருப்பி அனுப்புகின்றன. பழைய பாத்திரத்தை உருக்கிப் புதுப் பாத்திரம் செய்வது மாதிரி. உடம்பு இரும்பை வெளியே விடுவதே இல்லை. தோல் உதிர்வது, குடலின் உள்சுவர் செல்கள் உதிர்வது என்று ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம் போல நழுவும். அதைத்தான் சாப்பாடு ஈடுகட்டுகிறது.

ஆரோக்கியமான ஓர் ஆணிடம் கிட்டத்தட்ட ஒரு கிராம் வரை இரும்பு சேமிப்பில் இருக்கும். நாளைக்கு ஒரு மில்லிகிராம்தான் செலவு. அப்படியென்றால் சாப்பாட்டிலிருந்து துளி இரும்புகூட ஏறாமல் போனாலும் அந்தச் சேமிப்பு கரைய இரண்டு மூன்று வருடம் ஆகும்.

இப்போது மறுபக்கம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி ரத்தம் தினமும் குடலில் கசிந்தால் இரண்டரை மில்லிகிராம் போச்சு. சாப்பாடு தருவதைவிட அதிகம்.

அந்த ஒரு டீஸ்பூன் கண்ணுக்குத் தெரியாது. பெருங்குடலின் வலது பக்கம் அகலமானது, உள்ளே இருப்பதும் தண்ணீராக இருக்கும். கட்டி வளர்ந்தாலும் சீக்கிரம் அடைக்காது. கசியும் ரத்தம் மலத்தோடு கலந்து, நிறமே தெரியாமல் போய்விடும். வலி கிடையாது, ரத்தப்போக்கு என்று எதுவும் தெரியாது. சோர்வு மட்டும்தான். அதனால் "மலத்துல ரத்தம் போகுதா?" என்று நான் கேட்டதற்கு "இல்லை" என்று அவர் சொன்னது உண்மை. அதோடு நான் விட்டதுதான் தப்பு.

ஆகவே வளர்ந்த ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைவு வந்தால், "சரியா சாப்பிடல" என்பதைக் கடைசியாக யோசிக்கணும். முதலில் வயிறும் குடலும்.

புற்றுநோயாகத்தான் இருக்கும் என்று பயப்பட வேண்டாம். நம் ஊரில் நான் அடிக்கடி பார்ப்பது மூட்டுவலி மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கி, வருடக்கணக்கில் போடுவார்கள். அது வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். "வேற ஏதாவது மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "முட்டிவலிக்கு?" என்று கேட்டால்தான் பையிலிருந்து அட்டை வெளியே வரும். செருப்பில்லாமல் வயலில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு, சிலருக்கு மூலம், சிலருக்குக் குடலே இரும்பை உறிஞ்சாத நோய். எதுவாக இருந்தாலும் தேடினால்தான் கிடைக்கும்.

இனி பெண்களுக்கு வருவோம். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே இது ஒரு சாதாரண விஷயம் ஆகிவிட்டது. "பொம்பளைங்கன்னா அப்படித்தாங்க டாக்டர்." கணவர் சொல்கிறார், மாமியார் சொல்கிறார், சில நேரம் அந்தப் பெண்ணே சொல்கிறார்.

44 வயது அக்கா ஒருவர். ஹீமோகுளோபின் 6.9. கையில் ஒரு ஃபைல். இரண்டு வருடத்தில் மூன்று முறை ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றினால் தெம்பு வரும், ஆறு மாதத்தில் மறுபடி இறங்கும். அந்த ஃபைலில் இருந்த எந்தச் சீட்டிலும் அவருடைய மாதவிடாய் பற்றி ஒரு வரி இல்லை.

"எத்தனை நாள் போகும்மா?"

"ஒன்பது பத்து நாள் போகும் சார். எங்க அம்மாவுக்கும் அப்படித்தான்."

"ராத்திரி எழுந்து பேட் மாத்துவீங்களா?"

"ரெண்டு தடவை. முதல் மூணு நாள் கட்டிகட்டியா போகும். பஸ்ல உட்கார மாட்டேன் சார், நின்னுக்கிட்டேதான் வருவேன்."

பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டே வருவதை ஒரு பெண் தன் வாழ்க்கையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டு விட்டார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்த்திசுக் கட்டி. சாதாரணக் கட்டி, சரி செய்யக்கூடியது. சரி செய்தோம். அதன் பிறகு அவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை.

ஒரு மாதவிடாயில் சராசரியாகப் போகும் ரத்தம் 30 முதல் 40 மில்லி. 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். யாரும் அளந்து பார்க்க முடியாது, அதனால் இப்படிக் கேட்டுப் பாருங்க. ஏழு நாளுக்கு மேல் போகுதா? மணிக்கு ஒரு பேட், இரண்டு மணிக்கு ஒரு பேட் என்று மாற்ற வேண்டியிருக்கா? ராத்திரி அதற்காகவே எழுந்திருக்கிறீங்களா? ஒரு ரூபாய்க் காசு அளவு கட்டி விழுதா? கறை படும் என்று வெளியே போவதைத் தவிர்க்கிறீங்களா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால், உங்களுக்குத் தேவை டானிக் மட்டும் இல்லை. மகப்பேறு மருத்துவரைப் பாருங்க. போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்தே ஆகணும் என்று யாராவது முதல் நாளே சொன்னால் இன்னொரு கருத்தும் கேளுங்க.

ரத்தம் ஏற்றுவது பற்றி ஒரு வார்த்தை. ஒரு யூனிட் ஏற்றினால் ஹீமோகுளோபின் ஒரு கிராம் போல ஏறும். உயிருக்கு ஆபத்தான நிலையில் அது உயிர் காக்கும். ஓட்டை அடைக்காத தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக அதை மாற்றிவிடக் கூடாது. "ரெண்டு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டர், ஃப்ரெஷ் ஆயிடும்" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ப்ளீஸ், வேண்டாம்.

இதுவரை பேசியது இரும்பு. எல்லா ரத்தசோகையும் இரும்பு கிடையாது. இதை நமக்குச் சொல்லிக் கொடுத்த கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

லூசி வில்ஸ் என்று ஒரு ஆங்கிலேய மருத்துவர். 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே கர்ப்பிணிகளுக்கு, குறிப்பாக பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களுக்கு, மோசமான ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிது. இரும்புக் குறைவில் அணு சிறுத்துப் போகும். இது வேறு எதுவோ.

அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வில்ஸ் விசாரித்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பிறகு நம் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். ஈஸ்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான உணவுப்பொருளைக் கொடுத்தபோது நோயாளிகள் தேறினார்கள். 1931இல் அதை வெளியிட்டார். அதில் இருந்த பொருள்தான் பின்னாளில் ஃபோலிக் ஆசிட் என்று பிரித்தெடுக்கப்பட்டது. இன்று ஒவ்வொரு கர்ப்பிணியும் போடும் மாத்திரைக்குப் பின்னால் "இந்த அணு ஏன் பெரிசா இருக்கு?" என்று கேட்ட ஒரு பெண் இருக்கிறார்.

இந்தக் கதைக்கு ஒரு கசப்பான இரண்டாம் பாகம் உண்டு.

அணு பெரிதாகும் ரத்தசோகை இன்னொன்றும் இருக்கிறது. வைட்டமின் பி12 குறைவால் வருவது. பாஸ்டனில் வில்லியம் காசில் என்ற இளம் மருத்துவர் 1920களின் இறுதியில் ஒரு வினோதமான பரிசோதனை செய்தார். மாட்டிறைச்சியைத் தானே சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதைத் தானே வெளியே எடுத்து, பக்குவப்படுத்தி, குழாய் வழியாக நோயாளிக்குக் கொடுத்தார். (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.) வெறும் இறைச்சி சாப்பிட்டபோது தேறாத நோயாளி இதில் தேறினார். அதாவது அந்த நோயாளிகளுக்குச் சாப்பாட்டில் குறையில்லை. பி12ஐக் குடலுக்குள் சேர்க்க வயிறு சுரக்க வேண்டிய ஒரு பொருள் அவர்களுக்குச் சுரக்கவில்லை.

1940களில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை வந்ததும், இந்த நோயாளிகளுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏறியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கொஞ்ச நாளில் கால் மரத்தது, நடை தள்ளாடியது, தண்டுவடம் கெட்டது. ரத்தத்துக்கு ஃபோலிக் ஆசிட் ஈடுகொடுத்தது. நரம்புக்கு பி12தான் வேண்டும், அதன் இடத்தில் ஃபோலிக் ஆசிட் நிற்க முடியாது. ரிப்போர்ட்டில் எண் அழகாக ஏறிக்கொண்டிருக்க, உள்ளே நரம்பு செத்துக்கொண்டிருந்தது.

இது ஏதோ பழைய அமெரிக்கக் கதை என்று நினைக்காதீங்க. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறீர்கள். கூடவே "கேஸ் மாத்திரை" என்று காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. சுத்த சைவம். இந்த மூன்றுமே பி12ஐக் குறைக்கக்கூடியவை. பாதம் எரிகிறது, மரக்கிறது என்றால் "சர்க்கரையால வந்த நரம்புப் பிரச்சனை" என்று முடித்துவிடுகிறோம். அது பி12 குறைவாகவும் இருக்கலாம், அது ஊசியால் சரியாகக் கூடியது. காலம் தாழ்த்தினால் முழுசாகச் சரியாகாது. மெட்ஃபார்மினை நீங்களே நிறுத்திவிடாதீங்க. பி12 அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்க.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. நாள்பட்ட சர்க்கரையோடு ரத்தசோகையும் இருந்தால் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்தே ஆகணும். சிவப்பணு செய்யச் சொல்லி மஜ்ஜைக்கு உத்தரவு அனுப்பும் ஹார்மோன் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. சிறுநீரகம் கெட்டால் அந்த உத்தரவு நின்றுவிடும். அங்கே இரும்பு மாத்திரையை மட்டும் மூட்டை மூட்டையாகக் கொடுத்தாலும் பலன் இருக்காது.

முடக்குவாதம், காசநோய் போன்ற நாள்பட்ட அழற்சியில் இன்னொரு வேடிக்கை. கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒன்றைச் சுரந்து இரும்பு வெளியே வரும் கதவை மூடிவிடும். கிருமிக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்று உடம்பு செய்யும் ஏற்பாடு. கிடங்கில் இரும்பு இருக்கும், மஜ்ஜைக்குக் கிடைக்காது. அழற்சியைத் தணித்தால்தான் கதவு திறக்கும்.

அடுத்தது, கல்யாண வயதில் பிள்ளைகள் இருப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டியது.

23 வயதுப் பெண். ஹீமோகுளோபின் 10.4. பள்ளியில் படிக்கும்போதிலிருந்து விட்டு விட்டு இரும்பு மாத்திரை. ஏறவே இல்லை. "மாத்திரைய ஒழுங்கா போட மாட்டா சார்" என்றார் அம்மா. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் டீ மாஸ்டரைத் திட்டியது ஞாபகம் வந்தது.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்களைப் பார்த்தேன். எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 62. சாதாரணமாக 80 முதல் 100 இருக்கணும். சிவப்பணுக்களின் எண்ணிக்கை 58 லட்சம். இரும்புக் குறைவு என்றால் அணு சிறுக்கும், எண்ணிக்கையும் குறையும். இங்கே அணு சிறுத்திருக்கிறது, எண்ணிக்கை கூடியிருக்கிறது. இது தலசீமியா கேரியராக இருக்கலாம் என்று சொல்லும் தடயம்.

ஒரு சின்ன கணக்கு. எம்.சி.வி.யை, பத்து லட்சக் கணக்கில் எழுதிய சிவப்பணு எண்ணிக்கையால் வகுங்க. 62ஐ 5.8ஆல் வகுத்தால் 10.7. 13க்குக் கீழே வந்தால் தலசீமியா கேரியரா என்று சந்தேகிக்கணும். இது சந்தேகிக்க மட்டும்தான், உறுதி செய்ய ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். இந்தப் பெண்ணுக்கு உறுதியானது. ஃபெரிட்டின் நன்றாகவே இருந்தது. பத்து வருடமாக அவளுக்குத் தேவையே இல்லாத மாத்திரை.

கேரியர் என்பது நோய் இல்லை. அவளுக்கு ஒன்றும் ஆகாது, 10.4தான் அவளுடைய இயல்பு. ஆனால் அவள் கல்யாணம் செய்துகொள்பவரும் கேரியராக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குத் தீவிர தலசீமியா வர நாலில் ஒரு வாய்ப்பு. அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம் நமக்கு உண்டு என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்க. பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், பார்க்கட்டும். பதினொன்றாவதாக இந்த ஒரு பரிசோதனை.

"அப்போ கவர்மென்ட் ஸ்கூல்ல, ஆரம்ப சுகாதார நிலையத்துல எல்லாருக்கும் இரும்பு மாத்திரை குடுக்குறாங்களே, அது தப்பா?" என்று கேட்பீர்கள். தப்பில்லை. தயவுசெய்து அதை நிறுத்தாதீங்க. பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கும் நாட்டில், அதில் பெரும்பங்கு இரும்புக் குறைவாக இருக்கும்போது, வளரிளம் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாக மாத்திரை கொடுப்பது சரியான முடிவு. ஆனால் என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் 57 சதவீதம் கிடையாது. அவர் ஒரு ஆள். அவருக்கு ஏன் குறைந்தது என்று கேட்கும் வேலை எனக்கு இருக்கிறது.

எங்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓ.பி.யில் இருநூறு பேர் நிற்கும்போது ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிசு. டானிக் எழுத பத்து நொடி போதும், கதை கேட்க பத்து நிமிடம் வேண்டும். நோயாளியும் டானிக் எழுதினால் சந்தோஷமாகப் போகிறார், கேள்வி மேல் கேள்வி கேட்டால் "இந்த டாக்டருக்குத் தெரியல போல" என்று அடுத்த ஆளிடம் போகிறார். இது எல்லாம் உண்மை. ஆனாலும் "ரத்தம் எங்கே போகுது?" என்று கேட்க என் சீனியருக்கு மூன்று நொடிகூட ஆகவில்லை.

அடுத்த முறை ரிப்போர்ட் வந்தால், ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு மடிக்காதீங்க. அதே தாளில் எம்.சி.வி. இருக்கும், கூடுதல் செலவே இல்லை. 80க்குக் கீழே என்றால் இரும்பு அல்லது தலசீமியா பக்கம். 100க்கு மேலே என்றால் பி12, ஃபோலிக் ஆசிட், மது, கல்லீரல், தைராய்டு பக்கம். நடுவில் இருந்தால் சிறுநீரகம், நாள்பட்ட நோய் பக்கம் யோசிக்கணும். இரண்டு குறை சேர்ந்திருந்தால் பெரிதும் சிறிதும் கலந்து சராசரி சரியாகவே காட்டும், அதனால் இதை வைத்து நீங்களே முடிவெடுக்க வேண்டாம். டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைக்கும், அது போதும். ஃபெரிட்டின் என்ற பரிசோதனை இரும்புச் சேமிப்பைக் காட்டும். ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே இது இறங்கிவிடும். சில நூறு ரூபாய் ஆகும். மாதக்கணக்கில் வாங்கும் டானிக்கின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்க.

எல்லோருக்கும் எல்லா டெஸ்டும் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மாதவிடாய் அதிகம் போகும் 20 வயதுப் பெண்ணுக்கு மாத்திரையை ஆரம்பித்துவிட்டே போக்கைச் சரி செய்யலாம். ஆனால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்கணும். ஏறவில்லை என்றால் கேள்வி மறுபடி ஆரம்பிக்கணும். ஏறிவிட்டால், இயல்புக்கு வந்த பிறகும் மூன்று மாதம் போடணும், சேமிப்பு நிரம்புவதற்காக.

டீ, காபியில் இருக்கும் டானின் போன்ற பொருட்கள் இரும்போடு ஒட்டிக்கொண்டு குடலில் ஏற விடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. எலுமிச்சைச் சாறோடு போடலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீங்க.

அப்புறம் பீட்ரூட். பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பீட்ரூட்டின் நிறம் வேறு ஒரு நிறமி. நல்ல காய், சாப்பிடுங்க. அதை அரைத்துக் குடித்து 7ஐ 12 ஆக்கிவிடலாம் என்று காத்திருக்காதீங்க. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரல், சுவரொட்டி, ஆட்டிறைச்சி நல்லது. அதில் இருக்கும் இரும்பு கீரையில் இருப்பதைவிட எளிதாக ஏறும்.

டீ மாஸ்டர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள்.

அறுவை சிகிச்சை நடந்தது. பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது. கீமோ கொடுத்தார்கள். எட்டு மாதம் முன்னால் பிடித்திருந்தால் பரவாமல் இருந்திருக்குமா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அந்தக் கேள்வி போகவில்லை. அவர் பிழைத்து எழுந்து மறுபடி பாய்லர் முன்னால் நின்றார்.

அந்தப் பக்கம் போனால் இழுத்து உட்கார வைப்பார். காசு வாங்க மாட்டார். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "சார் யாரு தெரியுமா? எனக்கு கேன்சர்னு முதல்ல கண்டுபிடிச்சதே இவர்தான்" என்பார்.

நான் ஒரு நாளும் அதைத் திருத்தியதில்லை.